நாலு இஞ்சுக் குழாயில் ஒரு கர்ணன்

கட்டைக்கு மரம் என்றால் எங்கள் பக்கத்தில் கல்யாண முருங்கைதான். செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் வட்டாரத்தில் கூத்தாடிகள் தோளிலும் மார்பிலும் தலையிலும் கட்டிக்கொள்கிற புஜக்கட்டை, மார்க்கட்டை, கிரீடம் எல்லாம் அந்த மரத்தில் செதுக்கியவை. கட்டை கட்டி ஆடுவதால்தான் கட்டைக்கூத்து என்று பேர். தெருக்கூத்து என்பது சரியா, கட்டைக்கூத்து என்பது சரியா என்று படித்தவர்கள் நிறையச் சண்டை போட்டாகிவிட்டது. 1990இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் வந்த பிறகு அந்தப் பேர் வெளியே பரவியது. எங்க சேரியில் ரெண்டும் சொல்வதில்லை. கூத்து, அவ்வளவுதான்.

கல்யாண முருங்கை லேசான மரம். காய்ந்தால் இன்னும் லேசு. உளிக்கு இணங்கும். செதுக்கின கட்டை மேல் ஜிகினாத்தாள், வண்ணத்தாள், கண்ணாடித் துண்டு ஒட்டுவார்கள். ராத்திரி களரியில் வெளிச்சம் படும்போது வேஷக்காரன் ஒரு சுற்றுச் சுற்றினால் கூட்டத்தின் முகத்தில் எல்லாம் துண்டு துண்டாக வெளிச்சம் ஓடும். இதெல்லாம் கூத்தைப் பற்றி எழுதின புத்தகங்களில் வந்துவிட்டது. அந்த மரம் யாருடைய வேலியில் நின்றது என்பதை நான் படித்த புத்தகம் எதுவும் சொல்லவில்லை.

எங்க கிராமத்தில் அது வெற்றிலைக் கொடிக்காலில் நின்றது. கிணற்றுமேட்டு வேலியில் நின்றது. கொடிக்காலும் கிணறும் ஊர்த்தெரு ஆட்களுடையவை. தழை ஒடிக்கவே அனுமதி கேட்கணும். மரத்தைக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? அதனால் எங்க சேரி ஜமாவுக்குச் சொந்தமாகக் கட்டை கிடையாது. பாட்டு சொந்தம், அடவு சொந்தம், தொண்டை சொந்தம். தலையில் வைக்கிற கிரீடம் மட்டும் வாடகை.

எங்க நைனா கட்டை வேஷக்காரர். துரியோதனன், இரணியன், கர்ணன் மூன்றும் கட்டுவார். பகலில் ஏர் ஓட்டும் கூலி. பாக்கு வைத்துக் கூப்பிட்டால் ராத்திரி ராஜா. சேரிகளில் கூத்துக்குக் கூப்பிடுவது பெரும்பாலும் சாவுக்காகத்தான். பதினாறாம் நாள் கருமாதி ராத்திரி 'கர்ண மோட்சம்' வைப்பார்கள். செத்தவன் ஆத்மாவுக்கு நல்லது என்று நம்பிக்கை.

வாடகைக் கட்டை நாலு கல் தாண்டி இருந்த வேறொரு கிராமத்து ஊர் ஜமாவிடமிருந்து வரும். ஒரு பெரிய தகரப் பெட்டி. அதைத் தலையில் சுமந்து வருவதும் திருப்பிக் கொண்டுபோய் இறக்குவதும் எங்க ஆட்களின் வேலை. நாங்கள் பெட்டியைத் தொடலாம், சுமக்கலாம். உள்ளே இருப்பதையும் ஒரு ராத்திரி தொடலாம். அதற்குத்தானே வாடகை. 1986இல், எனக்குப் பத்து வயசு, நைனாவோடும் பெரியப்பாவோடும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க நானும் போனேன். எங்களைத் தெருமுனைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஒரு பையன் பெரிய அண்டாவில் சாணி கரைத்த தண்ணி கொண்டுவந்தான். கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் முக்கினார்கள். எங்க நைனாவின் வேர்வை பட்ட கிரீடத்தை ரெண்டு தரம்.

மரத்தில் ஒட்டின தாளும் கண்ணாடியும் தண்ணீரில் நிற்குமா? பசை விட்டது. ஜிகினா உரிந்து சாணித் தண்ணியில் மிதந்தது. கண்ணாடித் துண்டுகள் அண்டா அடியில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. முக்கி முடித்த பிறகு அந்த வாத்தியார் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "கண்ணாடிக்கும் தாளுக்கும் தனியா ஆவும்பா. அத்தயும் சேத்துக் குடுத்துடுங்க." நைனா தலையாட்டினார். பெரியப்பாதான் திரும்பி வரும் வழியில் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தார். அந்தப் பணத்தை நெல்லறுப்புக் கூலியில் கழித்தார்கள்.

1927 மார்ச்சில் மகத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் குடித்த பிறகு அந்தக் குளத்தில் குடம் குடமாகச் சாணியும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றிச் சுத்தம் செய்தார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அங்கே குளம், இங்கே அண்டா. ஆனால் மகத்தில் சுத்தம் செய்தவர்கள் அதற்கான செலவை நம் ஆட்களிடம் கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. அந்த விஷயத்தில் எங்க வட்டாரம் ஒரு படி மேலே.

நான் 1998இல் மெட்ராசுக்குப் பிளம்பர் வேலைக்குப் போனேன். சித்தாளாகச் சேர்ந்து குழாய் அறுக்கக் கற்றுக்கொண்டேன். பிவிசி குழாயைச் சூடு காட்டினால் இளகும் என்பது பிளம்பர்தான் கண்டுபிடிக்க வேண்டிய சங்கதி இல்லை. எங்க பக்கத்தில் மோட்டார் வைத்திருக்கிற எந்த விவசாயிக்கும் தெரியும். தென்னோலையைக் கொளுத்தி, குழாய் முனையை அந்தத் தணலில் சுற்றிக் காட்டி, இளகினதும் இன்னொரு குழாயை அதற்குள் திணித்துவிடுவார்கள். சாக்கெட்டு வாங்கும் காசு மிச்சம். ஆனால் குழாயை நீளவாக்கில் அறுத்துச் சூடுகாட்டி விரித்தால் அது தகடு ஆகிவிடும் என்று எனக்குக் காட்டினது வேலை செய்த இடத்தில் இருந்த ஒரு வயசான ஆந்திராக்காரர். அவர் அப்படி விரித்து முறம் செய்து வைத்திருந்தார். சிமெண்டு அள்ள.

நாலு இஞ்சுக் குழாய் என்று நாங்கள் சொல்வது வெளி விட்டம் 110 மில்லிமீட்டர். அறுத்து விரித்தால் 345 மில்லிமீட்டர், அதாவது 13.6 அங்குல அகலத்துக்கு ஒரு தகடு. கனம் மூணு மில்லி வரும். ஓர் ஆளின் தோளுக்கு அந்த அகலம் தாராளம். கட்டடம் கட்டுகிற இடத்தில் ஓரடி, ஒன்றரை அடித் துண்டுகள் குப்பையில் கிடக்கும். மேஸ்திரி எடுத்துக்கோ என்பார். எனக்கு அந்த முறத்தைப் பார்த்த அன்றைக்கே எங்க நைனாவின் தோள்தான் ஞாபகம் வந்தது.

உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. கல்யாணம், குழந்தை, வாடகை வீடு என்று ஆறு வருஷம் போனது. 2004 பொங்கலுக்கு ஒரு கோணிப்பை நிறைய குழாய்த் துண்டோடு ஊருக்குப் போனேன். என் வீட்டுக்காரி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவே வெட்கப்பட்டாள்.

இந்த வேலையைச் செய்ய விரும்புகிற தோழர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பிவிசி 80 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். கொதிக்கிற தண்ணி 100 டிகிரி. ஆகவே மெல்லிய துண்டை வெந்நீரில் போட்டே வளைக்கலாம். கனமான தகட்டுக்கு அது போதாது. சூடான மணலில் புதைக்கலாம், அல்லது ஹீட் கன் வேண்டும். பெயிண்டு உரிக்க வைத்திருப்பார்களே, அதுதான். சரியான பதத்தில் தகடு பதப்படுத்தின தோல் மாதிரி துவளும். (இந்த உவமை எனக்குத் தானாக வருகிறது. எங்க தாத்தா பறைக்குத் தோல் பதம் பார்த்தவர்.) ரெண்டு கடப்பாக் கல்லுக்கு நடுவில் வைத்து மேலே ஏறி நின்றுகொள்ளணும், ஆறும் வரை. இறங்கினால் சுருட்டிக்கொள்ளும்.

தகடு பழுப்பாக மாறினால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். கருகினால் ஆபத்து. இந்தப் பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண் ஈரத்திலும் தொண்டை ஈரத்திலும் பட்டால் அதுவே அமிலம். மூடின அறையில் ஒருநாளும் செய்யக் கூடாது. அடுப்பு நெருப்பில் நேராகக் காட்டக் கூடாது. பிள்ளைகளைக் கிட்டே விடக் கூடாது. நான் எப்போதும் களத்துமேட்டில் காற்று அடிக்கிற பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் செய்வேன்.

அச்சுக்கு எங்க நைனாவின் தோளையே எடுத்தேன். பால்ஸ் சீலிங் போடுகிற கூட்டாளியிடம் பிளாஸ்டர் பொடி வாங்கி வந்திருந்தேன். நைனாவைத் திண்ணையில் உட்கார வைத்து, பனியன் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, பொடியில் நனைத்த காடாத்துணிப் பட்டைகளைத் தோள், மார்பு, முதுகு என்று போட்டேன். பதினைந்து நிமிஷத்தில் இறுகும். இறுகும்போது கதகதவென்று சுடும். "இன்னாடா, உயிரோட இருக்கும்போதே சமாதி கட்ற" என்றார். அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கூட்டை எடுத்து உள்ளே சிமெண்டு ஊற்றினேன். அந்தச் சிமெண்டுத் தோள் இப்பவும் எங்க வீட்டுப் பின்பக்கம் இருக்கிறது. இடது தோள் வலதைவிட அரை அங்குலம் இறங்கியிருக்கும். காவடி மாதிரி ரெண்டு பக்கமும் எரு சுமந்த தோள். அதன் மேல் வளைத்த கட்டையை வேறு யார் கட்டினாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

மரத்தில் செதுக்குகிற பூ வேலையைப் பிளாஸ்டிக்கில் செதுக்க முடியாது. இளகின தகட்டில் பாட்டில் மூடி, கண்ணாடி வளையல், கரண்டிக் காம்பு எல்லாம் வைத்து அழுத்தினேன். அந்தந்த வடிவம் அப்படியே பதியும். மேலெழும்ப வேண்டிய இடத்துக்கு மெல்லிய குழாயில் வெட்டின துண்டுகளைக் குழாய் ஒட்டுகிற சொலூஷன் போட்டு ஒட்டினேன். அது பசை இல்லை. ரெண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குகிற மருந்து, அப்புறம் பிரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்துப் பிறகுதான் பெயிண்டு. இல்லையென்றால் ரெண்டே கூத்தில் தோல் தோலாக உரியும். கண்ணாடிக்குச் செருப்பு ஒட்டுகிற ரப்பர் பசை.

எடை குறையும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒரே பருமனில் எடுத்தால் பிவிசி, கல்யாண முருங்கையைவிட நாலு மடங்குக்கு மேல் கனம். மரக்கட்டை ஒரு அங்குலத் தடிமன், தகடு மூணு மில்லி என்பதால்தான் கட்டை இலகுவாக வருகிறது. இன்னொன்று, மரம் வேர்வையைக் குடிக்கும். பிளாஸ்டிக் குடிக்காது. உள்ளே பழைய வேட்டித் துணி ரெண்டு மடிப்பு வைத்துத் தைக்கவில்லை என்றால் விடிகாலையில் ஆட்டக்காரனின் முதுகில் தோல் வழண்டிருக்கும். நைனா முதல் ராத்திரி ஆடி முடித்துக் கட்டையைக் கழற்றியதும் சொன்னது: "மரக்கட்ட கட்னா பெரிய ஆளு தோள்ள கைய போட்டா மாதிரி இருக்கும். இது பக்கெட்ட கவுத்தா மாதிரி கீது. ஆனா நம்முளுது."

அதைக் கழுவித் திண்ணையில் காய வைத்தார். வெறும் தண்ணியில், சோப்புப் போட்டு.

நாலஞ்சு வருஷம் கழித்து நகரத்திலிருந்து சிலர் கூத்தை ஒளிப்பதிவு செய்ய வந்தார்கள். நல்லவர்கள்தான். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆனால் கட்டையைத் தட்டிப் பார்த்து டொக்கு டொக்கென்று சத்தம் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. மரபு போய்விட்டது என்றார்கள். ஒரு நாளைக்கு மட்டும் மரக்கட்டை வாடகைக்கு எடுக்க முடியுமா, அதற்கான காசை நாங்கள் தருகிறோம் என்று கேட்டார்கள். பெரியப்பாவுக்கு அப்போது எழுபது வயசு. "சாணித் தண்ணிக்கும் நீங்களே குடுத்துடுவீங்களா?" என்று கேட்டார். அவர்களுக்கு அது புரியவில்லை, நாங்களும் விளக்கவில்லை. பந்தம் பிடித்து ஆடின கூத்து பெட்ரோமாக்ஸுக்கு வந்தது, பெட்ரோமாக்ஸிலிருந்து டியூப்லைட்டுக்கு வந்தது. ஜிகினாத்தாள் என்ன துவாபர யுகத்திலா இருந்தது? அதெல்லாம் மரபாகிவிட்டது. குழாய் மட்டும் கெட்டுப்போனது ஆகிவிட்டது. மரபைக் காப்பாற்றச் சொல்லுகிறவர்கள் மரபில் எங்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் ஒருதரம் படம் பிடிக்கட்டும்.

பிளாஸ்டிக்கைப் பற்றி எனக்கும் மயக்கம் இல்லை. மண்ணில் மட்காது. சித்திரை வெயிலில் கறுப்புப் பெயிண்டு அடித்த கட்டையைத் தகரப் பெட்டியில் வைத்து வேன் கூரைமேல் ஏற்றினால் நெளிந்துவிடும். விரித்த குழாய்க்கு ஒரு குணம் உண்டு. மறுபடி சூடு பட்டால் அது பழையபடி குழாயாகச் சுருளப் பார்க்கும். தொழிற்சாலையில் எந்த வடிவத்தில் வார்த்தார்களோ அதை மறக்காது. ஒவ்வொரு தடவையும் ஆறும் வரை பிடித்து நிறுத்தணும்.

என் தங்கச்சி மகன் சென்னையில் எஞ்சினியரிங் படித்தான். 2024 பிப்ரவரியில் சென்னையில் முதன்முதலாக காமிக் கான் என்று ஒரு கூட்டம் நடந்தது. சினிமா, காமிக்ஸில் வருகிற வீரர்கள் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு பையன்களும் பெண்களும் வருவார்கள். இவன் போய்விட்டு வந்து செல்லில் படம் காட்டினான். மார்க்கவசம், தோள்கவசம், தலைக்கவசம், பார்த்தால் இரும்பு. எல்லாம் ரப்பர் பாய் மாதிரியான ஈவா ஃபோம். சிலது சூட்டில் இளகுகிற தகடு. "மாமா, நீ செய்யறதேதான்" என்றான். எங்கிருந்தோ உள்ளங்கை அகலம் ஒரு துண்டும் கொண்டுவந்திருந்தான். ஒர்ப்லா என்று பேர், ஜெர்மனிச் சரக்கு. 90 டிகிரியில் இளகுகிறது. சூட்டோடு ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்கிறது. வெட்டின துணுக்குகளை உருட்டி மறுபடி தகடாக்கலாம், வீணே இல்லை. என் விரல் அதை விட மறுத்தது. விலை கேட்டதும் விட்டுவிட்டது.

அந்தப் பிள்ளைகளைக் கேலி பேச எனக்கு மனசு வரவில்லை. மாசக்கணக்கில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பெயிண்டு அடித்திருக்கிறார்கள். அது தெரிகிறது, வேலை தெரிந்தவன் கண்ணுக்கு. படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொன்று ஓடியது. அங்கே யார் வேண்டுமானாலும் ராஜா வேஷம் கட்டலாம். காசு கேட்பான், டிக்கெட்டு கேட்பான். கழற்றி வைத்த கவசத்தை இன்னொருவன் வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். ஒரு படத்தில் அது இருந்தது. அந்தப் படத்தை நான் இரண்டு மூன்று தரம் பார்த்தேன்.

கவசம் என்றதும் கர்ணன் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நைனா கட்டின கர்ணனுக்கு நான் ஒரு மார்க்கவசம் செய்தேன். ரெண்டு தகடு, ஒன்றின் மேல் ஒன்று. மேல் தகடு நாலு கொக்கியில் நிற்கும். இந்திரன் பிராமண வேஷத்தில் வந்து கவச குண்டலத்தைப் பிச்சை கேட்கும் இடத்தில் கர்ணன் அதைப் பிய்த்து எடுப்பான். பட்டென்று சத்தம் வரும். பிய்ந்த தகட்டின் உள்பக்கமும் கீழ்த் தகடும் சிவப்பு. உடம்போடு பிறந்ததை அறுத்துக் கொடுக்கிறான் இல்லையா, அதற்கு. இதை முதல் தடவை ஆடினபோது முன்வரிசையில் இருந்த கிழவிகள் "குடுக்காதடா, குடுக்காத! பாப்பான் வேஷத்துல வந்துகிறான்டா!" என்று கத்தினார்கள். ஒருத்தி எழுந்து களரிக்குள்ளேயே வந்துவிட்டாள். கட்டியங்காரன்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

எங்க இயக்கத் தோழர்கள் பல பேர் கர்ணனை நம்ம ஆள் என்று பேசுவார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. தேரோட்டி மகன் என்று சபையில் அவமானப்பட்டவன்தான், சரி. ஆனால் கதை கடைசியில் என்ன சொல்கிறது? இவன் தேரோட்டி மகன் இல்லை, குந்தி பெற்ற பிள்ளை, சூரியனின் மகன் என்கிறது. அதற்குப் பிறகுதான் எல்லாரும் அழுகிறார்கள். என் மகள் பன்னிரண்டு வயசில் கேட்டாள்: "ராஜா வூட்டுப் புள்ளைன்னு தெரிஞ்சப்புறம்தான அழறாங்க. தேரோட்டி புள்ளையாவே செத்திருந்தா?" இதை நைனாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பீடி பிடித்துவிட்டுச் சொன்னார்: "பொன்னுருவி திட்டற கட்டம் வருது பாரு, கர்ணன் பொண்டாட்டி, கீழ்சாதிப் பையன் என்ன தொடாதங்கறா. அந்த எடத்துலதான் நம்ம ஜனம் முழிச்சிக்கினு கேக்கும். மோட்சத்துல பாதிப் பேரு தூங்கிடுவான்." ஆராய்ச்சி செய்கிற மாணவர்கள் இதை எழுதிக்கொள்ளலாம்.

நைனா 2017இல் இறந்தார். பதினாறாம் நாள் எங்க ஜமாவே 'கர்ண மோட்சம்' ஆடியது. என் தம்பி கர்ணன். நைனாவின் கட்டை அவனுக்கு இடது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சரிசெய்யட்டுமா என்று கேட்டேன். வேணாம் என்றான்.

அதற்குள் இந்த வேலை வெளியே தெரிந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் கல்யாண முருங்கை குறைந்துபோனது. கொடிக்கால் அழிந்து மனையாகிவிட்டது. மரத்தில் செதுக்கத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. ஊர் ஜமாக்களே என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். முதலில் தரகர் வழியாக வந்தார்கள், பிறகு போன். கொடுக்கிறதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய சண்டை. பெரியம்மா, "சாணித் தண்ணிய மறந்துட்டியா" என்றாள். மறக்கவில்லை. ஆனால் தொழில் என்று ஆன பிறகு நாலு பேருக்கும்தான் விற்கணும். செய்து கொடுத்தேன். முழு செட்டு, வாடகைக்கு இல்லை, விலைக்கு. பேரம் பேசாமல் என் விலைக்கு.

வாங்கிப் போகிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லணும். மஞ்சள் தண்ணி தெளிப்பார்கள். பிளாஸ்டிக் என்பதால் கண்ணாடி விழாது, அது நான் செய்து கொடுத்த சௌகரியம். பிறகு கோயிலில் வைத்துப் பூசை. திரௌபதி அம்மன் பாரதம் என்றால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். அந்த நாட்களில் கிரீடம் வெறும் கிரீடம் இல்லை, சாமிப் பொருள். பூசை போட்ட பிறகு அதை நான் தொடக் கூடாது. நான் அறுத்து, நான் இளக்கி, என் விரல் கொப்பளித்து, என் எச்சில் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கின கிரீடம். அறுக்கும்போது தீட்டு இல்லை. காசு வாங்கும்போது தீட்டு இல்லை. அப்புறம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

இது புதுசு இல்லை. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மாட்டுத்தோலை உரிக்கிறவன், பதம் போடுகிறவன், மூட்டுகிறவன் எல்லாம் நம் ஆட்கள். சபாவில் மடியில் வைத்து வாசிக்கிறபோது அது வேறு பொருளாகிவிடும். அந்தப் புத்தக வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த மண்டபத்தையே கலாக்ஷேத்ரா பிறகு மறுத்துவிட்டது. நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அது தோல், தோலில் சாவு இருக்கிறது, அதனால் சாதி இருக்கிறது என்று. குழாயில் என்ன இருக்கிறது? மாடு இல்லை, ரத்தம் இல்லை, யார் வேலியிலும் முளைக்கவில்லை. சாஸ்திரத்தில் பேரே இல்லாத பொருள். அதற்கும் சாதி ஒட்டுகிறது. ஒர்ப்லாவே வாங்கி ஜெர்மனித் தகட்டில் செய்து கொடுத்தாலும் ஒட்டும்.

2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஏப்ரலில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம் பையன்களை அடித்தார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். அந்தச் செய்தி டிவியில் ஓடின அன்று என் எதிரில் பாதி முடிந்த ஒரு தர்மராஜா கிரீடம் இருந்தது, வேறொரு கிராமத்துக் கோயில் பாரதத்துக்கு. முடித்துக் கொடுத்தேன். அச்சாரம் வாங்கிவிட்டேன் என்பது ஒரு காரணம். நல்லா வந்திருந்தது என்பது இன்னொரு காரணம். தோழர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியும். ராஜாவுக்கும் சாமிக்கும் கிரீடம் செய்வதை விட்டுவிட்டுப் பறையைக் கையில் எடு என்பார்கள். பறை எங்க வீட்டிலும் மாட்டியிருக்கிறது. ஆனால் எங்க நைனா முப்பது வருஷம் ராஜாவாக நின்றார். அந்த நிற்பை யாருக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. என் மகளுக்கு இப்போது துரியோதனன் கட்டணும் என்று ஆசை. காஞ்சிபுரத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளுக்கே கட்டை கட்டக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அவள் தோளுக்கு நாலு இஞ்சு வேண்டாம், மூணு இஞ்சுக் குழாய் போதும்.

போன மாசி மாசம் ஒரு ஊர் ஜமாவிலிருந்து போன் வந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் செட்டு வாங்கினவர்கள். துரியோதனன் கிரீடத்தில் இடது காதுப்பக்கம் விண்டுபோய்விட்டது, பெட்டியை யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். பங்குனியில் பாரதம் ஆரம்பம். பூசை போட்ட கிரீடம், வெளியே கொண்டுவர முடியாது, நீ அங்கே வந்து தொடவும் கூடாது. எப்படி ஒட்டுவது, எவ்வளவு சூடு வைப்பது என்று போனில் சொல்லு, எங்க பையன் செய்துகொள்வான், அதற்கும் காசு தருகிறோம் என்றார் வாத்தியார்.

எவ்வளவு சூடு என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. விண்ட இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, உள்பக்கம் ரெண்டு அங்குலத்துக்கு ஒரு பட்டை வைத்து, சொலூஷன் போட்டு, ஹீட் கன்னை ஒரு சாண் தூரத்தில் ஆட்டிக்கொண்டே காட்டணும். தெரியாதவன் செய்தால் மொத்தக் கிரீடமும் குழாயாகச் சுருண்டுவிடும். அது வேறு.

"கிரீடத்த எங்க தெருவுக்கு எடுத்தாங்க. நீங்களே எடுத்தாந்து எங்க திண்ணையில வெச்சிட்டு உக்காருங்க. ஒரு மணி நேரம் ஆவும். டீ குடிச்சிட்டு எடுத்தும் போலாம். காசு வேணாம்" என்றேன்.

ரெண்டு நாள் கழித்து ஒரு பையனை அனுப்பினார்கள். வெறுங்கையோடு வந்தான். வந்து நின்றுகொண்டே பேசினான். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான், அதைச் சொல்லிவிடணும். சிமெண்டுத் தோளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். இது யாருது என்று கேட்டான். சொன்னேன். "வாத்தியார்கிட்ட பேசிட்டு சொல்றேண்ணா" என்று கிளம்பினான்.

பாரதம் ஆரம்பிக்க அப்போது பத்து நாள் இருந்தது. பாரதம் நடந்து முடிந்தது. துரியோதனன் தலையில் என்ன வைத்து ஆடினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. பையன் இன்னும் வரவில்லை.